ராஜாவை விடாத ஈ

எந்தக் காலமோ தெரியாது, மாங்குளச் சீமையை வீரகேசவர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அவர் முகத்துக்கு எதிரே ஈ பறந்துவிட்டால் சாமரம் வீசுகிறவர் அன்றே ஊரை விட்டுப் போகவேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம்.

ஒருநாள் காலை ஓலை படித்துக்கொண்டிருந்த ராஜா சட்டென்று கையை வீசினார். மறுபடியும் வீசினார். எழுத்துகளின் மேல் கறுப்பாக ஓர் ஈ, அதற்கு நூல் மாதிரி ஒரு வால். சாமரம் வீசிய செங்கமலத்தைப் பார்த்துத் தூங்குகிறாயா என்று சீறினார். புருஷன் இல்லாத அவள் வீட்டில் அந்தச் சாமரத்தால்தான் அடுப்பு எரிந்தது.

அவளை வேலைக்கு வைத்தவர் மந்திரி திருமேனியார். மந்திரி பெயரைக் கேட்டாலே வயிறு எரிகிற வல்லபராயர் என்ற சபைக்காரர் இதுதான் சமயம் என்று எழுந்தார். "நானும் பார்த்தேன் பிரபு. கொழுத்த ஈ. மந்திரி வைத்த ஆளின் லட்சணம் இது."

திருமேனியார் அசரவில்லை. மாடத்தில் நின்று வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் ராஜா கை வீசுவதைச் சில நாளாகவே கவனித்திருந்தார். விளக்கொளியில் வீசியதே இல்லை. மந்திரிக்கும் அந்த ஈயோடு பழக்கம் உண்டு, அதனால் விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கண்ணில் கோளாறு என்று ராஜா முகத்துக்கு நேரே யார் சொல்வது? அவரே கண்டுபிடிக்கட்டும் என்று முடிவு செய்தார்.

ஈயைத் தானே பிடித்துத் தருவதாகச் சொல்லி, ராஜாவையும் ராயரையும் வெள்ளையடித்த சுவரின் முன் நிறுத்தினார். ஈ எங்கே இருக்கிறதென்று ஒரே சமயத்தில் விரலால் காட்டச் சொன்னார். ராஜாவின் விரல் மேலே போனது. ராயரின் விரல் தரையைக் காட்டியது. சபையில் யாரோ இருமினார்கள்.

"பிரபு, இப்போது தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டுங்கள்."

"அதுவும் கூடவே ஓடுகிறதே. நிறுத்தினால் மிதந்து இறங்குகிறது."

"உங்கள் கண் போன பக்கமெல்லாம் வருகிற ஈயைச் சாமரம் என்ன செய்யும்?"

ராஜா கண்ணை மூடித் திறந்து மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உள்ளே இருக்கிறதா?" என்றார்.

"ஆமாம் பிரபு. கண்ணுக்குள்ளே இருப்பது இளநுங்கு மாதிரி. வயதாக ஆக அது நீர்விட்டு, உள்ளே நூலும் துணுக்கும் மிதக்கும். அதன் நிழல்தான் இது. வெளிச்சத்தில் படிக்கும்போது குறுக்கே வந்து தொல்லை கொடுக்கும், போகப்போகப் பழகிவிடும். எனக்கும் இருக்கிறது. ஆனால் திடீரென்று ஈக்கள் கூட்டமாக வந்தாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தாலோ அந்த நிமிஷமே வைத்தியரைக் கூப்பிடவேண்டும்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. செங்கமலத்திடம் தன் வாயாலேயே தப்பு என்னுடையது என்றார். மந்திரிக்குத் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். பழைய வழக்கத்தையும் அன்றோடு எடுத்துவிட்டார்.

பிறகு சாமரத்தை வாங்கி ராயர் கையில் கொடுத்தார். "என் ஈயை என்னைத் தவிர நீர் ஒருவர்தான் பார்த்தீர். அது போகும்வரை நீரே ஓட்டும்."

ராயர் வீசிக்கொண்டே இருந்தார். ஈ போகவே இல்லை.