பழைய டிஸ்க் கொடுக்க மறுத்த தவளைகள்

ஒரு லேப்டாப்புக்குள் ஏழு வருஷமாக ஒரு ஹார்ட் டிஸ்க் குடியிருந்தது. தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஃபசீலாவின் லேப்டாப் அது. கீரிப்பாறைக் காட்டில் மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி அவள் பதிவு செய்த நானூறு தவளைச் சத்தங்களும் அந்த டிஸ்கிடம்தான் இருந்தன.

கொஞ்ச நாளாக டிஸ்குக்கு முடியவில்லை. சுழல ஆரம்பித்தாலே உள்ளே கரகரத்தது. ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஃபசீலா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலில் சுயம்புலிங்கத்தின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஓடினாள்.

அவர் பழைய டிஸ்கைக் கழற்றி மேஜையில் வைத்தார். லேப்டாப்பில் புதிய டிஸ்கைப் பொருத்தினார். இரண்டுக்கும் நடுவே ஒரு வயரை இணைத்து, பழையது ஒரேயடியாக நின்றுபோவதற்குள் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட வேண்டும் என்றார்.

பழைய டிஸ்க் சுற்றுமுற்றும் பார்த்தது. மூலையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய செத்துப்போன டிஸ்குகள். அதற்குப் பகீரென்றது. இருப்பதை எல்லாம் கொடுத்து வெறுங்கையாகிவிட்டால் தன் இடமும் அந்த டின்தான் என்று நினைத்தது.

இருந்தாலும் ஆய்வேட்டைக் கொடுத்தது. கல்யாணப் போட்டோக்களைக் கொடுத்தது. தவளைகள் இருந்த ஃபோல்டர் வந்தபோது மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

சுயம்புலிங்கம் மூன்று தடவை முயன்றார். படிக்க முடியவில்லை என்ற ஒரே பதில்தான் திரையில் வந்தது.

"இது மட்டும் வரமாட்டேங்குது மக்களே. வேற யாருட்டயும் ஒரு காப்பி இல்லையா?" என்று அவளிடம் கேட்டார்.

ஃபசீலா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அம்பாசமுத்திரத்தில் சௌந்தரா என்று ஒரு தோழி, அவளும் தவளைக்காரிதான், இந்தச் சத்தங்களைத் தரச்சொல்லி இரண்டு தடவை கேட்டாள் என்று மெதுவாகச் சொன்னாள். கேட்டபோதெல்லாம் தான்தான் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்ததாகவும் சொன்னாள்.

"கொடுத்தா அவ முந்திக்குவாளோன்னு பயம், அண்ணே. எங்கிட்ட மட்டும் இருந்தாத்தான் எனக்கு மதிப்புன்னு நெனச்சேன்."

அந்தச் சத்தங்களில் ஒன்றை ஒரே ஒரு மழையில்தான் கேட்டாளாம். மறுவருஷம் அதே ஓடைக்குப் போய்ப் பதினோரு நாள் காத்திருந்தும் அது கத்தவில்லை.

மேஜைமேல் கிடந்த பழைய டிஸ்குக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தன் மனசில் இருப்பதை இவள் எப்படிச் சொல்கிறாள் என்று அது யோசித்தது.

வயரின் அந்தப் பக்கத்திலிருந்து புதிய டிஸ்க் கூப்பிட்டது. "அண்ணே, கல்யாணப் போட்டோ எல்லாம் எங்கிட்ட வந்து சேர்ந்திடுச்சு. உங்ககிட்ட இப்ப என்ன மிச்சம் இருக்கு?"

"என்ன இருக்கும்? காலிதான்."

"பார்த்தீங்களா?"

பழைய டிஸ்க் பார்க்கவே இல்லை. பயத்தில் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. இப்போது தனக்குள் படிக்கும் முள்ளை மெல்ல நகர்த்திப் பார்த்தது. போட்டோக்கள் இருந்தன. ஆய்வேடு இருந்தது. ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

"அட, கொடுத்த அத்தனையும் இங்கேயே இருக்கே" என்றது.

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு" என்றது புதிய டிஸ்க். "நான் காலையிலதான் பெட்டியிலிருந்து வந்தேன்."

பழைய டிஸ்க் பிடியை விட்டது. பாதியில் தனக்கு ஏதாவது ஆகிவிடலாம் என்பதால், ஒரே மழையில் கேட்ட அந்தத் தவளையை முதலில் அனுப்பியது. பிறகு மற்றவை. கரகரத்தபடி, நின்று நின்று, மத்தியானத்துக்குள் நானூறையும் கொடுத்து முடித்தது.

சுயம்புலிங்கம் சத்தத்தைக் கூட்டி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கடை முழுக்கத் தவளை கத்தியது. பக்கத்து டீக்கடையில் இருந்தவர் கிளாஸோடு எட்டிப் பார்த்து, வெளியே மழையா என்று கேட்டார். ஃபசீலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

பழசைக் கடையிலேயே விட்டுப் போகிறாயா என்று சுயம்புலிங்கம் கேட்டதற்கு அவள் தலையாட்டி மறுத்தாள். ஒரு துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே நானூறு சத்தங்களையும், தவளைகளின் பேரும் குறிப்பும் எழுதிச் சேர்த்து, சௌந்தராவுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு, எல்லாம் தன்னிடமும் இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்தாள். இருந்தன.

மூன்றாம் நாள் சௌந்தரா போன் செய்தாள்.

"ஃபசீலா, நீ ஒரே ஒரு தடவை கேட்டதா எழுதியிருந்தியே, அந்தத் தவளை எங்க ஊர் ஆத்துல தினமும் கத்துது. பேரு தெரியாமத்தான் விட்டு வெச்சிருந்தேன். எப்ப வர்றே?"