வேகத்தடை எந்தக் கட்சி?

ஒரு மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மூன்று பேர் குடியிருந்தார்கள். ஒரு மைல்கல், ஒரு வளைவுக் கண்ணாடி, ஒரு வேகத்தடை.

மைல்கல்தான் மூத்தவர். தலையில் பச்சைப் பட்டை, நெஞ்சில் அடிவாரத்து ஊரின் பெயர், அதற்குக் கீழே ஓர் எண். அந்த எண்ணைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. ஆனால் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. கண்ணாடி அவருக்கு இளையவள். சிவப்பு விளிம்பு, உப்பிய முகம், மேலே வருவதையும் கீழே போவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடும் கண். வாயும் கொஞ்சம் நீளம்.

வேகத்தடை கடைக்குட்டி. அந்த வளைவில் வண்டிகள் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்த காலத்தில், இனி ஒருத்தரும் இங்கே விழக்கூடாது என்றுதான் வளைவுக்குச் சற்று மேலே அவனைப் போட்டார்கள். அவன் வந்த பிறகு ஒருத்தரும் விழவில்லை. அதுதான் அவனுடைய ஒரே பெருமை. ஆனால் யார் நன்றி சொன்னார்கள்? பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டவர்கள் அவனைத் திட்டிய திட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

அவனால் லாபம் கண்டவள் செல்லாத்தாள் ஒருத்திதான். வண்டிகள் அங்கே மெதுவாகும் என்று பார்த்து, பக்கத்திலேயே டீயும் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாவும் விற்கிற கடை போட்டிருந்தாள். காலையில் கடைவாசலைக் கூட்டும்போது அவன் முதுகையும் சேர்த்துக் கூட்டிவிடுவாள். அந்த ஒரு சுகத்துக்காகவே அவன் விடியலை எதிர்பார்த்துக் கிடப்பான்.

அந்த வருஷம் மலைக்கு ஒரு சைக்கிள் பந்தயம் வந்தது. மூன்று நாள் பந்தயம். முதல் நாள் மலை ஏற வேண்டும். மறுநாள் உச்சியில் காப்பித் தோட்டங்களைச் சுற்ற வேண்டும். கடைசி நாள் அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். மூன்று நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யார் குறைவாக எடுத்துக்கொண்டார்களோ அவர்களுக்குத்தான் கோப்பை.

பந்தயம் வருகிறதென்று ரோடு வேலைக்காரர்கள் வந்து மைல்கல்லுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார்கள். வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போடலாம் என்று டப்பாவைச் சாய்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அவனுடைய பழைய கோடுகளை மழை எப்போதோ கழுவிக்கொண்டு போயிருந்தது. தாரோடு தாராக அவன் கிடப்பது கிட்டே வந்தால்தான் தெரியும்.

"விடப்பா, சைக்கிள்தானே வருது" என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கோப்பை பச்சைச் சட்டைக்காரனுக்கா சிவப்புச் சட்டைக்காரனுக்கா என்று கடைக்கு வந்தவர்கள் பேசியதைக் கேட்டு, பந்தயம் தொடங்குவதற்கு முன்பே வளைவில் கட்சி பிரிந்துவிட்டது.

"நான் பச்சைச் சட்டைக்காரன் கட்சி" என்றார் மைல்கல்.

"ஏனுங்கண்ணா, அவரை உங்களுக்கு முன்னப்பின்ன தெரியுமா?" என்று கேட்டாள் கண்ணாடி.

"தெரிஞ்சு என்னத்துக்கு அம்மிணி? பச்சை போட்டிருக்கானா இல்லையா?"

"அப்படீன்னா நான் சிவப்புச் சட்டை. எம் முகத்துக்கு அதுதான் எடுப்பு."

"நீ எந்தக் கட்சிடா தம்பி?" என்று மைல்கல் திரும்பினார்.

வேகத்தடை தன்னைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான். "எனக்குத்தான் நிறமே இல்லையேங்கண்ணா."

"அதுவும் சரிதான். நிறம் இல்லாதவனுக்குக் கட்சி எதுக்கு" என்று மைல்கல் பேச்சை முடித்துவிட்டார்.

முதல் நாள், முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள் விசிலடித்துக்கொண்டு போக, பின்னாலேயே பச்சைச் சட்டை மூச்சிரைக்க ஏறி வந்தான். அவனுக்குப் பின்னால் நூறு பேர் தேனீக்கூட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நட்டநடுவில் சிவப்புச் சட்டை சொகுசாக வந்துகொண்டிருந்தான்.

"பாரு, பாரு! எதிர்க்காத்தை எங்காளு நெஞ்சால கிழிச்சுட்டு வர்றான். உங்காளு கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு வர்றான். இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்றார் மைல்கல்.

"அது பேரு ஒளியறது இல்லீங்கண்ணா, சேமிக்கறது. உங்காளு இன்னிக்கே எல்லாத்தையும் செலவு பண்ணிப்போட்டு நாளைக்கு என்னத்தைத் திம்பாராம்?"

இவர்கள் வாய்ச்சண்டையில் இருக்கும்போதே பச்சைச் சட்டையின் சக்கரம் வேகத்தடை மேல் திடீரென்று ஏறித் தூக்கிப்போட்டது. சமாளித்துக்கொண்டவன் சட்டென்று ஒரு கையை இடுப்புக்குப் பக்கமாக இறக்கி, விரலால் வேகத்தடையைச் சுட்டினான். அடுத்து வந்தவனும் சுட்டினான். அதற்கடுத்தவனும். நூறு பேரும் ஒருத்தர் விடாமல் விரலை நீட்டிவிட்டுத்தான் போனார்கள்.

கூட்டம் போன பிறகும் வேகத்தடை அது போன திசையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"என்ன கண்ணு, ஒருமாதிரி இருக்கே?" என்று கண்ணாடி கேட்டாள்.

"பாத்தீங்களாக்கா? நூறு பேரும் விரலை நீட்டி ஏசிட்டுப் போறாங்க. பஸ்ஸுல வர்றவங்களாச்சும் வாயோட நிறுத்திக்குவாங்க." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணாடி சிரித்த சிரிப்பில் அவள் நின்றிருந்த கம்பமே ஆடியது. "அட அப்பாவி! அவங்க உன்னைய ஏசலை. பின்னால வர்றவனுக்குச் சொல்லிட்டுப் போறாங்க. முன்னால போறவனுக்குத்தான் ரோடு தெரியும். பின்னால வர்றவனுக்கு முன்னால போறவனோட முதுகுதான் தெரியும். அதனால பள்ளமோ மேடோ வந்தா முன்னால போறவன் கையைக் காட்டணும். எதிராளியா இருந்தாலும் காட்டணும். அது அவங்களுக்குள்ள ஒரு வழக்கம். எந்தச் சட்டத்துலயும் கிடையாது, ஆனா எல்லாரும் செய்வாங்க."

"அப்ப ஏசலையா?"

"ஏசலை சாமி."

வேகத்தடைக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தன்னால் ஒருத்தனும் விழக்கூடாது என்று நினைக்கிறவர்கள் இந்த உலகத்தில் தன்னைத் தவிரவும் நூறு பேர் இருக்கிறார்களே என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் சாயங்காலம் செல்லாத்தாள் கடையில் டீ குடிக்க வந்த ஒரு லாரி டிரைவர் செல்போனைப் பார்த்துச் சேதி சொன்னார். இரண்டு நாள் கணக்கில் பச்சைச் சட்டைதான் முதல். சிவப்புச் சட்டை சில நொடிகள்தான் பின்னால்.

"நாளைக்கு எறக்கம். செவப்புக்காரன் பச்சை முதுகுலயே ஒட்டிக்கிட்டு வந்து, கீழ ஊருக்குள்ள போனதும் ஒரே தாவா தாவிருவான். எழுதி வெச்சுக்க ஆத்தா" என்றார் டிரைவர்.

"எனக்கென்ன தெரியும் சாமி. ரெண்டு பேரும் பத்திரமா போய்ச் சேந்தாச் சரி" என்று செல்லாத்தாள் டம்ளரைக் கழுவினாள்.

டிரைவர் போனதும் மைல்கல் தொண்டையைக் கனைத்தார். "நாளைக்கு எங்காளு ஜெயிக்க நான் ஒரு வழி சொல்லட்டா?"

"சொல்லுங்க, கேப்போம்."

"நேத்து முதல்ல வந்ததால எங்காளுக்கு இந்த மேடு நல்லா ஞாபகம் இருக்கும். உங்காளு கூட்டத்துக்குள்ள வந்தான். ஏறும்போது பாத்தது எறங்கும்போது எவனுக்கு அடையாளம் தெரியும்? கோடு வேற கிடையாது. நாளைக்கு எங்காளு ஒண்ணுமே செய்ய வேண்டாம். ரெண்டு கையாலயும் ஹேண்டில்பாரைப் புடிச்சுட்டுப் பேசாமப் போனாப் போதும். கை காட்டலைன்னா யாரு கேக்கப் போறாங்க?"

கண்ணாடிக்கு முகமே வெளிறிவிட்டது. "அடப் பாவி அண்ணா! அந்தப் பையன் பள்ளத்துல போயிருவானே!"

"நான் என்ன தள்ளியா விடச் சொன்னேன்? சும்மா இருக்கச் சொல்றேன். பந்தயம்னா நாலும் இருக்கும்."

"அண்ணா, அப்ப அவரு எம்மேல மோதித்தான் விழுவாரா?" என்று வேகத்தடை மெதுவாகக் கேட்டான்.

"ஆமா. அதனால உனக்கென்ன? நீ பாட்டுக்குப் படுத்திரு."

எப்படிப் படுத்திருப்பது? ஒருத்தரும் விழக்கூடாது என்று போடப்பட்டவன் மேலேயே ஒருத்தன் விழுந்தால், அதற்குப் பிறகு அவன் அங்கே எதற்கு? பச்சை ஜெயித்தாலும் சிவப்பு ஜெயித்தாலும் அவனுக்குக் கவலை இல்லை. அந்த ஒரு கை இறங்குமா இறங்காதா என்பதுதான் அவனுக்குக் கவலை.

கடைசி நாள் காலையில் தூறல். ரோடு எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கியது. ஈரத்தில் வேகத்தடை இருந்த இடமே தெரியவில்லை. எந்தக் காலத்திலும் இல்லாத வழக்கமாக, அவன் தன் முதுகை அமுக்கித் தட்டையாக்கப் பார்த்தான். தார் இறுகியது இறுகியதுதான், ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"வந்துட்டாங்க! ரெண்டு பேருதான். கூட்டம் ரொம்பப் பின்னால. உங்காளு முன்னால, எங்காளு சக்கரத்துல சக்கரம் ஒட்டி வர்றாரு!" என்று கண்ணாடி கத்தினாள்.

"கையை எடுக்காதே! கெட்டியாப் புடி!" என்று மைல்கல் கத்தினார்.

"காட்டு ராசா, காட்டிரு!" என்று கண்ணாடி கெஞ்சினாள்.

 வேகத்தடை, மேலேயிருந்து இரண்டு சைக்கிள்கள் சீறிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வழுக்குகிற ரோடு, காற்றைக் கிழிக்கிற வேகம், அடுத்தது வளைவு. அந்த இடத்தில் ஒரு கையை விட்டால் பிரேக் பாதிதான் பிடிக்கும். அது பச்சைச் சட்டைக்கும் தெரியும்.

கை இறங்கியது. விரல் நீண்டது.

சிவப்புச் சட்டை அதைப் பார்த்தான். சீட்டிலிருந்து எழும்பி, ஹேண்டில்பாரை ஒரு இழுப்பு இழுத்து, வேகத்தடையைத் தாண்டி அந்தப் பக்கம் பூப்போல இறங்கினான். ஆனால் ஒற்றைக் கையோடு ஏறிய பச்சைச் சட்டையின் முன்சக்கரம் வழுக்கியது. இடதுபக்கம் சாய்ந்து, வலதுபக்கம் சாய்ந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, பள்ளத்தோரத்துக் குட்டைச் சுவரை உரசுகிற தூரத்தில் எப்படியோ நின்றுவிட்டான். கடையில் கொய்யா வெட்டிக்கொண்டிருந்த செல்லாத்தாள் "அய்யோ சாமி!" என்று கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தாள். அதற்குள் சிவப்புச் சட்டை அவனைத் தாண்டிப் போயிருந்தான். பச்சைச் சட்டை பெடலை மிதித்து அவன் பின்னால் பறந்தான்.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று மைல்கல் புலம்பினார்.

"இருங்கண்ணா, இருங்க!" கண்ணாடி கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ ரோட்டுல ஒரு கிளை ஒடிஞ்சு கிடக்குது. எங்காளு கையைக் காட்டறாரு! உங்காளு பாத்து ஒதுங்கிட்டாரு!"

அதற்குப் பிறகு கூட்டம் வந்தது. நூறு விரல்கள் வேகத்தடையைச் சுட்டிக்கொண்டு போயின. இந்தத் தடவை அவன் ஒவ்வொரு விரலுக்கும் உள்ளுக்குள்ளே ஒரு கும்பிடு போட்டான். ஒருத்தர்கூட விழவில்லை.

சாயங்காலம் அதே லாரி டிரைவர் செல்போனோடு வந்தார். சிவப்புச் சட்டைதான் ஜெயித்திருந்தான், கண்ணிமைக்கிற நேர வித்தியாசத்தில்.

"மழையில எதுக்குக் கையை விட்டீங்கன்னு பச்சைக்காரனைக் கேட்டிருக்காங்க. அதுக்கு அவன் என்ன சொல்றான் தெரியுமா ஆத்தா? 'பின்னால ஆள் வந்தாரு, காட்டினேன்'கிறான். அவ்வளவுதான்."

"அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?" என்றாள் செல்லாத்தாள்.

டிரைவர் போக வேண்டியதுதான் தாமதம், மைல்கல் வெடித்தார். "நான் சொன்னேனா இல்லையா? கை காட்டுனவன் தோத்தான், அதைப் பாத்துப் பொழச்சவன் கோப்பையைத் தூக்கறான்! நல்லா இருக்குடா நியாயம்! உனக்கென்ன அம்மிணி, உங்காளு ஜெயிச்சுட்டான், ஆடு!"

கண்ணாடி ஆடவில்லை. "எங்காளு ஜெயிச்சதுல எனக்குச் சந்தோஷந்தாண்ணா. ஆனா இன்னிக்கு ஒருநாள் நானும் பச்சைக் கட்சிதான்" என்றாள்.

"பெரிய கட்சி! சும்மா போயிருந்தா ஜெயிச்சிருப்பான். முன்னால இருக்கறதைப் பின்னால வர்றவனுக்குச் சொல்றதே ஒரு வேலையா?"

"அண்ணா," என்றான் வேகத்தடை. "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க நெஞ்சுல என்ன எழுதியிருக்குது?"

"ஏன், உனக்குத் தெரியாதா? கீழ இருக்கற ஊரு பேரு. இன்னும் எவ்வளவு தூரம்னு..."

மைல்கல் பாதியில் நிறுத்திவிட்டார். எத்தனையோ வருஷமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்த எழுத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தவர் மாதிரி நின்றார்.  கண்ணாடிக்கே பாவமாகப் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் செல்லாத்தாள் வாசல் கூட்டினாள், வேகத்தடையின் முதுகையும் கூட்டினாள். பிறகு உள்ளே போய், பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, "நல்ல பையன் ஒருத்தன் நேத்து போயிருப்பானே" என்று முணுமுணுத்தபடி, தேங்காய் மட்டையால் அவன் மேல் பட்டை பட்டையாகக் கோடு போட்டாள்.

"அடுத்த மழைக்குக் கரைஞ்சிருமே ஆத்தா" என்றான் அந்த வழியாகப் பால் கொண்டுபோனவன்.

"கரைஞ்சா மறுபடி பூசறேன். கையா தேஞ்சுபோகுது?"

வேகத்தடை வெயிலில் பளிச்சென்று மின்னினான். முதலில் வந்த பஸ் தூரத்திலேயே அவனைப் பார்த்து மெதுவாகி, நோகாமல் ஏறி இறங்கிப் போனது. கடைசி சீட்டிலிருந்து ஒரு திட்டும் வரவில்லை.

மைல்கல் வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சண்டை முடிந்து முதலில் பேசுகிறவருடைய கூச்சத்தோடு கேட்டார்.

"இப்பத்தான் உனக்கும் நிறம் வந்துருச்சே தம்பி. இப்பவாச்சும் சொல்லு, நீ எந்தக் கட்சி?"

"பின்னால வர்றவங்க கட்சிங்கண்ணா" என்றான் வேகத்தடை.