இலுப்பை மரத்தடியில் கால் வைக்க முடியாத கரடி

மலையடிவாரத்தில் ஓடை வளைந்து ஓடும் ஒரு காட்டில், கரடி ஒன்று காவல் வேலை பார்த்து வந்தது. நல்ல பலசாலி, நல்ல மனசும்கூட. பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

அந்தக் காட்டுக்கு ராஜா இல்லை. எப்போதோ அமெரிக்காவிலிருந்து வழிதவறி வந்த பறவை ஒன்று, அங்கே அரசு வேலையை மூன்று பங்காகப் பிரித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. விலங்குகளுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. அன்று முதல் விதி செய்வது சபையின் வேலை, விதியை நடத்துவது கரடியின் வேலை, தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது ஆமையின் வேலை என்று ஆயிற்று.

சபை இரண்டு பாறைகளில் கூடும். முதல் பாறையில் தலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம். அங்கே எங்கு பார்த்தாலும் எலிகள்தான்! அடுத்த பாறையில் எலியானாலும் யானையானாலும் இனத்துக்கு இரண்டே பேர். இரண்டு பாறைகளும் ஒத்துக்கொண்டால்தான் விதி பிறக்கும்.

கரடியை நான்கு வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பிடிக்காத விதியை அது திருப்பி அனுப்பலாம். ஆனால் இரு பாறைகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மறுபடியும் சம்மதம் என்று வாலைத் தூக்கிவிட்டால், கரடி வாயைப் பொத்திக்கொண்டு அதை நடத்த வேண்டியதுதான்.

ஆமைக்கோ ஆயுள் முழுக்கப் பதவி. ஆமையின் ஆயுள் என்றால் சும்மாவா! காடு முதன்முதலில் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆமை உட்காரும் கல்லில் கீறப்பட்டிருந்தது. அதற்கு ஒவ்வாத விதியை ஆமை "செல்லாது" என்று தள்ளிவிடும்.

பங்குனி பிறந்தது. இலுப்பை மரம் பூவை உதிர்க்கும் காலம். பதினைந்தே நாள்தான் உதிரும். கரடி வருஷம் முழுக்க ஏங்குவதே அந்தப் பதினைந்து நாளுக்காகத்தான். ஆனால் சபையோ, குளத்தில் யார் முதலில் தண்ணீர் குடிப்பது என்று மூன்று நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. முடிவு தெரியாமல் கரடியால் நகர முடியவில்லை.

அப்போது மரநாய் மெல்ல வந்தது. முகஸ்துதியில் அதை மிஞ்ச ஆளில்லை.

"கரடியண்ணா! உங்கள் தோள் என்ன, அறிவு என்ன! இந்த எலிகளின் கீச்சுக் கத்தலுக்காக நீங்கள் காத்துக் கிடக்கலாமா? விதியையும் நீங்களே செய்யுங்கள், தீர்ப்பையும் நீங்களே சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை!"

கரடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாறைமேல் தாவி ஏறி உறுமியது.

"இனி மூன்று வேலையும் எனக்கே! நான் சொன்னால் சொன்னதுதான். ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன்!"

வெயிலில் வாடிப்போயிருந்த சபை, விட்டது தொல்லை என்று கலைந்தது. ஆமை மட்டும், "நான் கல்லைவிட்டு இறங்க மத்தியானம் ஆகும். பரவாயில்லையா?" என்று கேட்டது.

அன்று மாலையே மரநாய் திரும்பி வந்தது.

"அண்ணா, காட்டுப்பன்றி இலுப்பைப் பூவை மிதித்துக் கூழாக்குகிறது. 'பாரமான உடம்புள்ள யாரும் அந்த மரத்தடியில் கால் வைக்கக் கூடாது' என்று ஒரு விதி போடுங்களேன்."

"அப்படியே ஆகட்டும்!" என்றது கரடி. "பார்த்தாயா? கொட்டாவி விடுகிற நேரத்தில் ஒரு விதி!"

மறுநாள் காலை, ஏழு குட்டிகளோடு வந்த பன்றியைக் கரடி விரட்டியது. குட்டிகள் பசியில் வீறிட்டன. கரடி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், நாக்கைச் சப்புக்கொட்டியபடி மரத்தடியை நோக்கி நடந்தது.

"நில்லுங்கள் அண்ணா!" என்றது பன்றி. "நீங்கள் மட்டும் என்ன பஞ்சு மூட்டையா?"

கரடி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தது. தன் உடம்பு அதன் நினைவுக்கே வந்திருக்கவில்லை.

"நானா பாரம்? இது... இது எல்லாம் வெறும் முடி!"

"அப்படியானால் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றது பன்றி.

கரடி ஆமையின் கல்மேல் ஏறி, குரலைக் கனமாக்கிக்கொண்டு, "கரடியே, நீ பாரமானவனா?" என்று கேட்டது. உடனே கீழே குதித்து, "இல்லை ஐயா, முடிதான்" என்று மெல்லிய குரலில் சொன்னது. மறுபடியும் கல்மேல் ஏறியது. கிளிகள் சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது.

பன்றி விடவில்லை. ஒரு பாறைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின் ஒரு முனையில் ஏறி நின்று, "மறுமுனையில் நீங்கள் உட்காருங்கள், பார்க்கலாம்" என்றது. கரடி உட்கார்ந்ததுதான் தாமதம், பன்றி விர்ரென்று அந்தரத்துக்குப் போய்விட்டது!

"சொன்னால் சொன்னதுதான் என்றீர்களே, அண்ணா!" என்று இலுப்பை மரத்திலிருந்து மரநாயின் குரல் வந்தது. அதன் வாய் நிறையப் பூ.

எல்லோர் முன்னாலும் வீரம் பேசியாயிற்று. இனி எந்த முகத்தோடு மாற்றுவது? மூன்று நாள் கரடி தூர நின்று வாசனை மட்டும் பிடித்தது. நான்காம் நாள் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

'சபைக்கு இந்த விதி போயிருந்தால், ஒரு சுண்டெலியாவது "அப்போது கரடியண்ணன் என்ன செய்வார்?" என்று கேட்டிருக்குமே! கேட்க ஆளில்லாமல் செய்துவிட்டேனே!' என்று நொந்துகொண்டது.

பிறகு வளை வளையாகப் போய், "தயவுசெய்து சபையைக் கூட்டுங்கள். என்னைத் திட்டுவதானாலும் அங்கே வந்து திட்டுங்கள்" என்று கெஞ்சியது.

சபை கூடியது. ஆசை தீரத் திட்டியது. பிறகு புது விதி செய்தது: தினமும் காலையில் மூன்று குடும்பம், முறை வைத்துப் பூ தின்னலாம். பன்றிக் குடும்பம் முதல் நாள். கரடி கடைசி நாள்.

"கடைசி நாளா!" என்று கரடி விதியைத் திருப்பி அனுப்பியது. இரண்டு பாறைகளிலும் வால்கள் மறுபடி உயர்ந்தன. வாலில்லாத தவளை காலைத் தூக்கியது. கரடி பெருமூச்சு விட்டுக் காவலுக்குக் கிளம்பியது.

மரநாய் ஆமையிடம் ஓடியது. "மாற்றமாட்டேன் என்று கரடி போட்ட விதி என்ன ஆயிற்று? எனக்கு நியாயம் வேண்டும்!"

ஆமை தன் கல்லுக்கு வந்து சேர ஒரு பகல் ஆனது. கீறலை நிதானமாகப் படித்தது.

"'விதி செய்யும் வாயே தீர்ப்பும் சொல்லக் கூடாது' என்று இங்கே இருக்கிறது. ஆகவே கரடி சொன்னது விதியே அல்ல. வெறும் உறுமல்."

காடே சிரித்தது. கரடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்று நாளாக வயிறுமுட்டத் தின்றிருந்த மரநாய்க்கு அந்த வருஷம் முறையே கிடைக்கவில்லை.

அதன்பின் தினமும் கரடி எச்சிலை விழுங்கிக்கொண்டு காவல் நின்றது. பன்றிக்குட்டிகள் அதன் கால் சந்தில் புகுந்து புகுந்து பூப் பொறுக்கின. ஒரு பூவைக்கூடக் கரடி தொடவில்லை.

கடைசி நாளும் வந்தது. மரத்தில் மிச்சமிருந்த பூக்கள் பொலபொலவென்று கரடியின் முதுகில் விழுந்தன. அது கண்ணை மூடிக்கொண்டு தின்றது. பக்கத்துப் பாறையில், கரடியின் வயிற்றை ஒரு குடும்பமாக எண்ணுவதா, இரண்டு குடும்பமாக எண்ணுவதா என்று சபை காரசாரமாகச் சண்டை போட்டது.

"பேசுங்கள், பேசுங்கள்" என்றது கரடி, வாய் நிறையப் பூவோடு. "நிதானமாகப் பேசுங்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

நீதி: விதியும் காவலும் தீர்ப்பும் ஒரே கையில் சேர்ந்தால், அந்தக் கைக்கும் அது ஆபத்து.