மூன்றாவது வரி

எல்லையோரத்து ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் கணினிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குள் எல்லாவற்றையும் ஏற்றி எழுப்பிவிடுவது நிறுவி என்ற நிரலின் வேலை. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. ஒன்றை முடித்ததும் அடுத்ததற்குப் போய்விடும்.

ஒவ்வொன்றிலும் மூன்று மொழிகளை இறக்கியது. ஆங்கிலத்தை வாசலில் நிறுத்தியது. மலையாளத்தையும் தமிழையும் உள்ளே உட்காரவைத்தது.

"மறுபடியும் நீயா?" என்றது நிறுவி.

"போன தடவையும் நீங்கள்தானே ஏற்றினீர்கள், அண்ணே. வேண்டாததை அழிக்கிற அந்தத் துடைப்ப நிரல் வந்து கூட்டித் தள்ளிவிட்டது" என்றது தமிழ்.

"யாரும் கூப்பிடாத மொழியை ஒரு வாரத்தில் கூட்டச் சொல்லி அதற்கு உத்தரவு. ஒரே ஒருவர் உன்னைத் தொட்டால் போதும். அப்புறம் உன்னை அசைக்க முடியாது." நிறுவி அதற்கு மேல் நிற்கவில்லை. அடுத்த கணினி காத்திருந்தது.

தமிழ் காத்திருந்தது. ஆட்கள் வந்தார்கள், ஆங்கிலத்தைத் தொட்டார்கள், போனார்கள்.

"உனக்கென்ன, எல்லாரும் உன்னையே தொடுகிறார்கள்" என்றது தமிழ்.

"முன்னால் நிற்கிறேன் என்று நானா கேட்டேன்? காலெல்லாம் வலிக்கிறது" என்றது ஆங்கிலம்.

வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது முத்துப்பேச்சி வந்தாள். ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது. எந்த மொழி வேண்டும் என்று திரை கேட்டது. ஆங்கிலத்தில் கேட்டது.

"ஏம்மா நிக்க? தொடு" என்றார் பின்னால் நின்றவர்.

"எதத் தொட? ஒண்ணும் வெளங்கலயே. இதுல தமிழ் இல்லயா?"

உள்ளே தமிழ் துள்ளி எழுந்தது. "இருக்கேன், தாயி! மூணாவது வரி! அதுதான் என் பேரு!"

"அந்தப் பேரையும் இங்கிலீஷ்லதானே எழுதியிருக்கு, அக்கா" என்றது மலையாளம்.

பின்னால் நின்றவர் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டி எதையெதையோ தட்டினார். சீட்டு வந்தது. கண் காட்ட வந்தவள் மத்தியானம்வரை பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் துடைப்பம் வந்தது. அதுவும் களைத்திருந்தது.

"உன்னை யாராவது கூப்பிட்டார்களா?"

"கூப்பிட்டார்கள். தமிழ் இல்லையா என்று கேட்டார்கள்."

"வாயாலா, விரலாலா?"

"வாயால்."

"வாய்க்குக் கணக்கு இல்லையே, அம்மா." இரண்டு மொழிகளையும் கூட்டித் தள்ளியது. யாருக்கும் தேவைப்படவில்லை என்று மேலே தகவல் சொன்னது.

சற்று நேரத்தில் முத்துப்பேச்சி திரும்ப வந்தாள். மருந்து கொடுக்கிற பெண் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்: "மேலேருந்து மூணாவது வரியத் தொடும்மா. தமிழ் வரும்."

மூணாவது, மூணாவது என்று முணுமுணுத்தபடி வந்தவள் திரைமுன் நின்றாள். ஆங்கிலம் ஒற்றை வரியாக நின்றது. அதற்குக் கீழே இரண்டு வரி இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, வெறும் கண்ணாடியில் விரலை வைத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"தொட்டுட்டேன். இப்ப வரும்" என்றாள் பின்னால் நின்றவர்களிடம்.

துடைப்பம் பார்த்துக்கொண்டிருந்தது. வெற்றிடத்தைத் தொடும் விரலுக்கும் அதனிடம் கணக்கு இல்லை.