ஆந்தைப் பாதிரியாரும் ராஜா போட்ட கூரையும்

ஸ்வீடன் தேசத்தின் வடகோடிக் காட்டில் ஆந்தை ஒன்று பாதிரியாராக இருந்தது. ஏரிக்கரையில் ஒரு மொட்டைப் பாறை. ஞாயிறுதோறும் ஆந்தையார் அதன் உச்சியில் உட்கார்ந்து பேசுவார். கீழே முயல், அணில், கலைமான் எல்லாம் கூடிக் கேட்கும். பிடித்தால் தலையாட்டும். பிடிக்காவிட்டால், "அது எப்படி ஐயா?" என்று எதிர்க்கேள்வி கேட்கும்.

பனி கொட்டும் மாதங்களில் மட்டும் கூட்டம் குறைந்துவிடும். சில ஞாயிறுகளில் ஆந்தையாரும் பாறையும்தான்.

பனி இன்னும் விடாத அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்காலத் தூக்கம் கலைந்து அந்தப் பக்கம் வந்தார் கரடி ராஜா.

"என்ன பாதிரியாரே, இப்படி நனையறீங்க! ஒரு கூரை போட்டுத் தரட்டுமா?"

"எதுக்கு ராஜா உங்களுக்குச் சிரமம்?"

"சிரமமா? கடமைய்யா! ஒண்ணே ஒண்ணு. ஜெபம் முடிஞ்சதும் என்னோட அறிவிப்பு ஏதாவது இருந்தா, நீங்களே வாசிச்சிடுங்க. எல்லாரும் கூடுற இடமாச்சே!"

ஒரு அறிவிப்புதானே என்று நினைத்தார் ஆந்தையார். அலகு நடுங்கிக்கொண்டிருந்தது. சரி என்றார்.

தடித்த மரங்களை அடுக்கி அருமையான கூரை போட்டார் ராஜா. உள்ளே கதகதவென்று இருந்தது. முதல் வாரம் அறிவிப்பு ஒரே வரி: ராஜாவின் சீப்பைக் காணோம், கண்டவர் கொடுக்கவும். அடுத்த மாதம் பத்து வரி. அதற்கடுத்த வருடம் அறிவிப்பு ஜெபத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு, ஞாயிறன்று வராதவர்கள் வாசலில் பிளந்த மரக்கட்டையில் காலை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அதையும் ஆந்தையாரே வாசித்தார்.

இப்போது கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் தூங்கினார்கள்!

அதற்கும் ராஜா ஒரு வழி செய்தார். நீண்ட கழி ஒன்றைக் கொடுத்து ஓநாயை நிறுத்தினார். தூங்குபவர்களின் விலாவில் அது குத்தும். குத்துவது ராஜாவின் அறிவிப்பு முடியும் வரைதான். அறிவிப்பு முடிந்ததும் ஓநாய் கழியைச் சாய்த்துவைத்துவிட்டுத் தானும் ஒரு மூலையில் சுருண்டுகொள்ளும். ஆந்தையாரின் பிரசங்கம் அதன் பிறகுதான் தொடங்கும்.

"என் பேச்சுக்கும் கொஞ்சம் எழுப்பக்கூடாதா?" என்று ஒருமுறை ஆந்தையார் கேட்டார்.

"அதுக்கு உத்தரவு இல்லீங்களே!" என்றது ஓநாய், கொட்டாவி விட்டபடி.

இப்படியே ஒன்பது குளிர்காலம் போயிற்று.

ஏரியின் நடுவில் ஒரு தீவு. ராஜாவின் குகை அங்கேதான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவர் அங்கே போய்ப் படுத்தால், வசந்தத்தில்தான் எழுவார். அவர் தூங்கும்போது உத்தரவில்லாமல் எழுப்புகிறவர்களுக்கு மரண தண்டனை. அந்த வருடம் படுக்கப் போகுமுன் நரி மந்திரியிடம் ஒரு ஓலையைக் கொடுத்துவிட்டுப் போனார்: குளிர்காலத்தின் கடைசி ஞாயிறன்று, பிரசங்கம் முடிந்ததும், எல்லாக் குடிகளும் உறைந்த ஏரியின் மேல் நடந்து தீவுக்கு வந்து, ராஜா விழிக்கும்வரை வாழ்த்துப் பாட வேண்டும்.

அந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது. கடைசி ஞாயிறன்று காலையில் நீர்நாய் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"ஐயா! ஏரி நடுவுல பனிக்கட்டி நனைஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு. நான் விரல் வெச்சா உள்ளே போகுது. இன்னைக்கு யாரும் கால் வைக்கக்கூடாது!"

ஆந்தையார் நரியிடம் பறந்தார்.

"மந்திரியாரே, இந்த ஆணையை இன்னைக்கு வாசிக்க வேண்டாம். ஏரி தாங்காது!"

"வாசிக்காம எப்படி? கடைசி ஞாயிறுன்னு போட்டிருக்கே!"

"அப்போ மாத்துங்க!"

"நான் மாத்தறதா? ராஜா கையெழுத்து ஐயா இது! அவர்தான் மாத்தணும்."

"அவர்தான் தூங்கறாரே!"

"எழுந்ததும் கேட்கலாம்."

"அதுக்குள்ள எல்லாரும் தண்ணிக்குள்ள போயிடுவாங்களே!"

நரி ஓலையை மேலும் கீழும் பார்த்தது. "அதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே!" என்றது.

ஆந்தையாருக்குத் தலையைக் கொண்டுபோய் மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இருக்கட்டும், முதலில் ஆணையை வாசித்துவிட்டு, பிறகு பிரசங்கத்தில் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தார்.

ஆணையை வாசித்தார். ஓநாய் குத்திக்கொண்டே வந்தது. எல்லாரும் கண் விழித்துக் கேட்டார்கள். வாசித்து முடித்ததும் கழி மூலைக்குப் போயிற்று.

ஆந்தையார் தொண்டையைச் செருமினார். "பிள்ளைகளே, தயவுசெய்து கேளுங்க! யாரும் ஏரிக்குப் போகாதீங்க. பனிக்கட்டி உடையப்போகுது!"

கொர்ர்ர் என்றது கலைமான்.

"போகாதீங்க! செத்துப்போவீங்க!"

அணில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பக்கத்திலிருந்த மனைவியிடம், "இன்னைக்கு ஐயா ரொம்ப உருக்கமாப் பேசறார்" என்றது. கண்ணை மூடிக்கொண்டது.

ஆந்தையார் சிறகடித்தார். கூவினார். ஒவ்வொரு காதிலும் போய்க் கத்தினார். ஒன்பது வருடப் பழக்கம்! அந்தக் குரல் கேட்டாலே அவர்களுக்குத் தூக்கம் இன்னும் ஆழமாக வந்தது. வேளை வந்ததும் தாமாக எழுந்து, சோம்பல் முறித்து, வரிசையாக ஏரியை நோக்கி நடந்தார்கள்.

முன்னால் போனது முயல். அதன் பின்னால் நான்கு குட்டிகள். ஆந்தையார் அதன் மூக்குக்கு நேரே போய் இறங்கினார்.

"முயலம்மா, திரும்பிப் போ! ஏரி தாங்காது!"

முயல் நின்றது. "ஐயா, இது ராஜா ஆணையா, உங்க பிரசங்கமா?"

"நான் சொல்றேன் அம்மா! நான்!"

"நீங்க சொல்றீங்களா? சரிங்க ஐயா, நல்ல விஷயந்தான். போயிட்டு வந்து யோசிக்கிறேன்." முயல் பின்னங்காலைக் காட்டியது. ரோமம் போய்த் தழும்பாக இருந்தது. "போன மாசம் ஒரு வாரம் வரலைன்னு கட்டையில மாட்டிட்டாங்க. மறுபடியும் மாட்டினா இந்த நாலுக்கும் யார் பாலு கொடுப்பா? வழியை விடுங்க."

மூத்த குட்டி துள்ளிப் பனிக்கட்டியில் கால் வைத்தது. அடியில் எங்கோ 'படக்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் பரப்பில் ஒரு கீறல் ஓடியது.

ஆந்தையார் உயரே எழும்பினார். நெஞ்சை நிமிர்த்தினார். ஒன்பது வருடமாக அறிவிப்பு வாசித்த அந்தக் கனத்த குரலை எடுத்தார்.

"கரடி மாமன்னரின் ஆணை! இன்று எவரும் ஏரியில் கால் வைக்கலாகாது! வைத்தவர்கள் இப்போதே கரைக்குத் திரும்புக! மீறினால் கட்டை!"

அடுத்த நொடி கரையில் ஒரு கலவரம். முயல் குட்டியைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. கலைமான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு திரும்பின. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நரி மட்டும் ஓடிவந்தது. "இது எப்போ வந்த ஆணை? என்கிட்ட வரலையே!"

"சந்தேகமா? நடந்து போய் அவரையே எழுப்பிக் கேளுங்க" என்றார் ஆந்தையார்.

நரி ஏரியைப் பார்த்தது. எடுத்த காலை மெதுவாகப் பின்னால் வைத்தது. சூரியன் உச்சிக்கு வருமுன், எல்லாரும் பார்க்க, ஏரி நடுவில் பிளந்து கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது.

இரண்டு வாரம் கழித்து ராஜா விழித்து, நீந்திக் கரைக்கு வந்தார். காடே அவர் காலில் விழுந்தது.

"ராஜா, உங்க ஆணையாலதான் என் நாலு பிள்ளைகளும் உயிரோட இருக்கு!" என்று அழுதது முயல்.

ராஜா நரியைப் பார்த்தார். நரி ஆந்தையாரைப் பார்த்தது. ராஜாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"ஆமாம்! தூங்கும்போதும் எனக்கு உங்க நினைப்புதான்!" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "உயிரைக் காப்பாத்துறது ஆணைதான்னு இப்போ தெரிஞ்சுபோச்சு. அதனால இனிமே பிரசங்கம் வேண்டாம். அறிவிப்பு மட்டும் போதும்!"

கூட்டம் சந்தோஷமாகக் கை தட்டியது. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே!

ஆந்தையார் அலகைத் திறந்தார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். ராஜாவையா? அவர் ராஜா, அவர் வேலையைச் செய்தார். இவர்களையா? இவர்களுக்குத் தூங்கச் சொல்லிக்கொடுத்தது யார்? கதகதப்பு நன்றாக இருக்கிறது என்று ஒன்பது வருடம் அடுத்தவன் ஓலையை வாசித்தது யார்? அவருக்கு எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது. அதிலே முக்கால்வாசி தன் மேல்.

அன்றே அவர் கூரையை விட்டு வெளியேறினார். கொஞ்சம் தள்ளி வேறொரு மொட்டைப் பாறையில் போய் உட்கார்ந்தார்.

"பனி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் ராஜா.

"நனைவேன்" என்றார் ஆந்தையார்.

முதல் ஞாயிறு ஒருவரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு, நரி வாசித்த அறிவிப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், முயல் வந்து பாறையடியில் நின்றது.

"ஐயா ஏன் இங்கே?"

ஆந்தையார் சொல்லிவிட்டார். "அன்னைக்கு ராஜா எந்த ஆணையும் போடலை அம்மா. நானா இட்டுக்கட்டிச் சொன்னேன்."

முயலின் காது இரண்டும் விறைத்து நின்றன. "அப்போ பொய் சொன்னீங்களா? பாதிரியாரே பொய் சொன்னா, நான் இனி எதை நம்பறது? முன்னாடி வாசிச்சதுல எத்தனை பொய்? அப்படியே உண்மையைச் சொல்லி என்னை நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே! நீதான்..."

"இன்னும் நல்லாச் சொல்லியிருக்கணும்!"

ஆந்தையாரின் இறகெல்லாம் சிலிர்த்தது. எத்தனை வருடம் ஆயிற்று, யாராவது தன்னிடம் இப்படிச் சண்டை போட்டு!

"கேளு அம்மா, இன்னும் கேளு!" என்றார். மழைத்தூறலில் நனைந்துகொண்டே இருவரும் மத்தியானம் வரை வாதாடினார்கள். முயல் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிற்று.

அதிகாரத்துக்குத் தன் வாயை இரவல் கொடுத்தவர், பிறகு உண்மையைச் சொல்வதற்கும் அதிகாரத்தின் பெயரையே இரவல் வாங்க வேண்டியிருக்கும்.