பெயர் வெட்டிய பாத்திரங்கள்

ஏரிக்கரையில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி அமிர்தவல்லி அம்மைக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் பூவராகருக்கு அறுபது. அவர் இவரை "அம்மா" என்பார். இவர் அவரை "பூவராகரே" என்பார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

மடத்தைச் சுற்றி மூன்று குடியிருப்புகள். நெசவாளர் தெருவில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள். தைக்கால் தெருவில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன. சூளைமேட்டில் ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள் குடியிருந்தார்கள்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு வாய்க்கால். அது தூர்ந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குள் வெட்டாவிட்டால் வீடுகளுக்குள் தண்ணீர் வரும். மற்றத் தெருக்காரர்கள் வெட்டட்டும் என்று ஒவ்வொரு தெருவும் காத்திருந்தது.

"மூன்று தெருவையும் நான் சேர்த்து வைக்கிறேன்" என்று பூவராகர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்காகவே ஒரு விழா நடத்தினார். மேடை போட்டார். ஒலிபெருக்கி வைத்தார். மூன்று தெருக்காரர்களையும் மேடையேற்றிப் பாட வைத்தார். இவர்கள் இன்னார், இப்படி வாழ்கிறார்கள், இவர்களுடைய பாட்டுக்கு இதுதான் பொருள் என்று ஒவ்வொன்றையும் தாமே விளக்கினார். கூட்டம் கைதட்டியது. நெசவாளர் தெருப் புளியோதரையையும், தைக்கால் தெருத் தேங்காய்ச்சோற்றையும், சூளைமேட்டுப் பருப்புக் குழம்பையும் எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

"நாளைக் காலை மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு வாருங்கள்!" என்று சொல்லி முடித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை அவர் மட்டும் வாய்க்காலில் நின்றார். ஓர் ஆடு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

மடத்துக்குத் திரும்பி, "யாரும் வரவில்லை, அம்மா. ஏன்?" என்றார்.

"பாத்திரங்களைக் கழுவியாயிற்றா?" என்றார் அம்மை.

விருந்துக்கு வந்த பாத்திரங்களைக் கழுவி, அவரவர் வீட்டில் சேர்ப்பது மடத்தின் வழக்கம். இருவரும் அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். நெசவாளர் தெருவில் ஒரு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அம்மை ஓர் அலுமினியக் குண்டானை இறக்கி வைத்தார்.

பூவராகர் பதறினார். "அம்மா, இது கிருஷ்ணாபாய் வீடு. அவருடையது இந்தப் பித்தளை அண்டா. இதோ, பெயர் வெட்டியிருக்கிறதே!"

"நானும் படித்தேன். வண்டியைத் தள்ளுங்கள்."

பித்தளை அண்டா தைக்கால் தெருவுக்குப் போயிற்று. தைக்கால் தெருச் செம்புத் தேக்சா சூளைமேட்டுக்குப் போயிற்று. மற்றப் பாத்திரங்களுக்கும் இதே கதிதான்.

மாலையில் கிருஷ்ணாபாய் குண்டானோடு வந்து நின்றார்.

"என்ன சாமி இது? எங்க அம்மா வீட்டுச் சீரா வந்த அண்டாவைக் குடுத்தா அலுமினியத்தைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க! விழா நடத்தினீங்களா, பழைய பாத்திரத்துக்குப் பேரீச்சம்பழம் வித்தீங்களா?"

பூவராகர் தலைகுனிந்தார்.

"மாற்றி வைத்தது நான்" என்றார் அம்மை. "அந்தக் குண்டானுக்கு உரியவரும் இப்போது தேடிக்கொண்டிருப்பார்."

"இதுல பேரே இல்லையே! யார் வீட்டுல போய் விசாரிக்கிறது?"

"சூளைமேட்டில்."

"அதுக்காக வெறும் பாத்திரத்தையா நீட்ட முடியும்? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய், குண்டான் நிறையக் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அந்த ஊரில் எந்தத் தெருவிலும் இல்லை.

"கனமாக இருக்கும், பூவராகரே. நீங்கள் சுமந்துகொண்டு போங்கள்" என்றார் அம்மை. "ஆனால் வாயைத் திறக்க வேண்டாம்."

சூளைமேட்டில் கிருஷ்ணாபாய் வீடு வீடாக விசாரித்தார். கடைசியில் பசந்தி என்ற பெண் ஓடிவந்து குண்டானைக் கட்டிக்கொண்டாள்.

"என்னோடது! உள்ள என்ன, அக்கா?"

"மொதல்ல தின்னு பாரு. அப்புறம் சொல்றேன்."

உள்ளே உட்கார்ந்த கிருஷ்ணாபாயின் கண் சுவரில் பட்டது. இடுப்பளவு உயரத்தில் நீளமாக ஒரு கறை.

"இது என்ன கோடு?"

"போன மழை."

"அம்மாடி! இவ்வளவா? பிள்ளைய என்ன பண்ணினே?"

"கட்டில் மேல வச்சேன். கட்டில் மிதந்துச்சு. அவனுக்கு ஒரே குஷி. கப்பல்னு கத்தினான்."

கிருஷ்ணாபாய் சிரித்தார். பிறகு அந்தக் கறையை மறுபடியும் பார்த்தார்.

"எங்க பாடும் அதுதான். மொதல்ல தறிக்குழிதான் ரொம்பும். மழை விட்டாலும் குழி காயற வரைக்கும் நெசவு இல்ல."

"தறிக்குழின்னா என்ன, அக்கா?"

தறிக்குழியைப் பற்றிப் பூவராகர் மேடையில் விரிவாகவே பேசியிருந்தார். பசந்தி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயைத் திறந்தார். அம்மையின் கட்டளை நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

"கால் விட்டு உக்காந்து நெய்யறதுக்குத் தரையில வெட்டின குழி. சொன்னாப் புரியாது, வந்து பாரு" என்றார் கிருஷ்ணாபாய். "அதுக்கு முன்னால என் அண்டாவைத் தேடணும்."

"நானும் வரேன். எங்க வீட்டுல யாரோட தேக்சாவோ இருக்கு."

அந்தத் தேக்சாவுக்கு உரிய மைமூன் பீவி, பித்தளை அண்டாவோடு பாதி வழியில் எதிர்ப்பட்டார்.

"கிருஷ்ணாபாய்னு பேரு வெட்டியிருந்துச்சு, உங்க தெருவுக்குப் போனேம்மா. ஒரு தெருவுல இத்தனை கிருஷ்ணாபாயா? ஒவ்வொருத்தரும் உக்கார வச்சுக் காப்பி குடுத்தாங்க. வயிறு ரொம்பிடுச்சு, அண்டாவுக்கு மட்டும் ஆள் கெடைக்கல!"

அண்டாவுக்குள் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டலப்பம் இருந்தது.

எல்லாப் பாத்திரமும் உரிய வீட்டுக்கு வந்த பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. தின்றவர்கள் பதிலுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பதில் வந்தது.

ஒரு காலையில் வாய்க்கால் பக்கம் ஒரே சத்தம். பூவராகர் ஓடிப்போய்ப் பார்த்தார். மூன்று தெருக்காரர்களும் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள்.

"ஆழமா வெட்டுங்க, பாய்! எங்க புளியோதரையைச் சாப்பிட்ட கையா இது?"

"புளியோதரைக்கு இவ்வளவுதான் வெட்டும். பிரியாணியா போட்டீங்க?"

பசந்தியின் மகன் கரையில் நின்று எல்லோரையும் வேலை ஏவிக்கொண்டிருந்தான்.

ஐப்பசி பிறந்தது. மழை கொட்டியது. வாய்க்கால் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. ஒரு வீட்டுப் படியையும் தண்ணீர் ஏறவில்லை.

மடத்து வாசலில் நின்று பூவராகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மை வந்ததும் கேட்டார்.

"அம்மா, தறிக்குழியைப் பற்றி நான் மேடையிலேயே சொன்னேன். சூளைமேட்டில் தண்ணீர் புகுவதையும் சொன்னேன். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அன்றைக்கு அது ஒருவர் மனத்திலும் ஒட்டவில்லையே?"

அம்மை சிரித்தார்.

"சமையலில் குறை இல்லை, பூவராகரே. பசி வருவதற்கு முன்பே பரிமாறிவிட்டீர்கள்."