குன்றன் சேர்த்துவைத்த மூன்று தோல்கள்

செங்கொடுக்கன் என்ற நண்டுதான் முதலில் தப்புச் செய்தான். கதை முடிகிறவரைக்கும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரப் பாறையில் ஒரு குட்டை இருந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். அதைப் பெரிய வற்றம் என்பார்கள். அன்றைக்குக் குட்டை முழுவதும் காய்ந்துபோகும். நடுவில் இருந்த ஒரு பிளவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதற்குள் போனவர்கள் பிழைப்பார்கள். மற்றவர்கள் வெயிலில் கிடப்பார்கள்.

பிளவின் வாசலில் செங்கொடுக்கன் நிற்பான். யார் உள்ளே போகலாம் என்று சொல்வது அவன்தான். யாரும் அவனை அங்கே நிறுத்தவில்லை. பெரிய கொடுக்கு இருந்தது, நின்றுகொண்டான்.

அவனுடைய சட்டம் கால் கணக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கால்களை எண்ணி, வாசல் பாறையில் அத்தனை கோடு கீறிவைப்பான். பத்துக் கால் என்றால் பிளவின் அடியில் இடம். எட்டுக் கால் என்றால் நடுவில். ஆறு கால் என்றால் பூச்சி. பூச்சி காற்றை மூச்சு வாங்கிப் பிழைக்கும், அதற்குத் தண்ணீர் எதற்கு என்று மேட்டுக்கு அனுப்பிவிடுவான். அந்தச் சட்டத்தில் பாதி சரியாகத்தான் இருந்தது. அதுதான் கேடு.

குன்றன் ஒரு கடல் உண்ணி. ஆட்டின் காதில் ஒட்டிக்கிடக்கும் உண்ணிக்கு அவன் தூரத்துச் சொந்தம். சிலந்திக்கும் தேளுக்கும் கூடச் சொந்தம்தான். ஆனால் அவன் குலம் கடலுக்குள் குடியேறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஒரு மணல் பருக்கையைப் பக்கத்தில் வைத்தால் பருக்கைதான் பெரிதாகத் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு அவன் அப்பன் குன்றன் என்று பெயர் வைத்தான். அந்தப் பெயர் தனக்குப் பெரிது என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஏன் நினைக்க வேண்டும்? முதுகில் நாலு கவசத் தகடு. முன்னால் ஒரு கண், இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண். கூரிய மூக்குப்போல் நீண்ட வாய். எட்டுக் கால், ஒவ்வொன்றின் நுனியிலும் கொக்கி நகம். நாலு கால் முன்னோக்கி இருக்கும், நாலு கால் பின்னோக்கி இருக்கும். அவனுக்கு நீந்தத் தெரியாது. எந்தப் பேரலை வந்தாலும் முன்கால்கள் ஒரு பக்கம் பிடிக்கும், பின்கால்கள் மறுபக்கம் பிடிக்கும். முழ நீள மீனெல்லாம் உருண்டு போகும். குன்றன் இருந்த இடத்தில் இருப்பான்.

ஆனால் கடல் உண்ணி பிறக்கும்போது அதற்கு ஆறு கால்தான். முதல் தோலை உரித்த பிறகுதான் மற்ற இரண்டும் வரும்.

குன்றனையும் சேர்த்து, அவனோடு பிறந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். பிறந்த மூன்றாம் நாள் பெரிய வற்றம் வந்தது. செங்கொடுக்கன் எண்ணினான். பாறையில் ஆறு கோடு கீறினான்.

"பூச்சி. மேட்டுக்குப் போங்க" என்றான்.

ஏழு பேரும் மேட்டுக்குப் போனார்கள். அங்கே கொட்டலசு ஒருத்தி இருந்தாள், பாறையோடு ஒட்டி நகராமல் ஓட்டுக்குள் வாழ்கிறவள். அலசாத்தா என்று பெயர். அவள் ஓட்டின் இடுக்கில் ஒரு துளி ஈரம் இருந்தது. அதில் ஒருவனுக்குத்தான் இடம். சாயங்காலம் கடல் திரும்பி வந்தபோது, ஏழு பேரில் குன்றன் மட்டும் அசைந்தான்.

அவன் வளர்ந்தான். முதல் தோலை உரித்து எட்டுக் காலோடு வெளியே வந்தான். அன்றைக்கே நண்டிடம் போனான்.

"ஓய் நண்டாரே, எண்ணிப் பாரும். எட்டு."

செங்கொடுக்கன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கீறின கோடு கீறினதுதான்" என்றான்.

குன்றன் திரும்பி நடந்தான். அதன் பிறகு அந்த வாசலுக்கு அவன் போகவே இல்லை. ஒவ்வொரு வற்றத்துக்கும் அலசாத்தாவின் இடுக்கிலேயே இருந்துகொண்டான். ஆனால் உரித்த தோலை எறியவில்லை. பக்கத்தில் ஒரு காலி ஓடு கிடந்தது. அதற்குள் பத்திரமாக வைத்தான். இரண்டாம் தோலையும் வைத்தான். மூன்றாம் தோலையும் வைத்தான்.

"இந்தக் குப்பையை எதுக்குடா சேர்த்து வைக்கிறே?" என்று அலசாத்தா கேட்டாள்.

"ஒருநாள் தேவைப்படும் அக்கா."

"அந்த நண்டை நீ மறக்கவே மாட்டியா?"

"அவன் மறந்துட்டான். நானும் மறந்துட்டா, அந்த ஆறு பேரை யாரு ஞாபகம் வச்சிருப்பா?"



காலம் போனது. குன்றனுக்கும் பிள்ளைகள் பிறந்தன. ஒன்பது பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு கால். பிறந்த இரண்டாம் நாள் பௌர்ணமி. விடிந்ததுமே தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது.

"என் இடுக்கில் ஒரு துளிதான் நிக்கும் குன்றா" என்றாள் அலசாத்தா.

"தெரியும் அக்கா" என்றான் குன்றன். மூன்று தோல்களையும் வாயில் கவ்விக்கொண்டு, பிள்ளைகளை முதுகுத் தகட்டில் ஏற்றிக்கொண்டு, போகமாட்டேன் என்றிருந்த வாசலை நோக்கி நடந்தான்.

வாசலில் கூட்டம் நின்றது. இறால்கள் உள்ளே போயின. கடல் சிலந்தி போனாள். குன்றனின் முறை வந்தது. செங்கொடுக்கன் கண்களைக் குச்சிபோல் நீட்டிப் பார்த்தான்.

"ஆறு கால். பூச்சி. மேட்டுக்குப் போ."

"பூச்சிக்குத் தலையில் மீசை இருக்கும். இதுகளில் எதுக்காவது மீசை இருக்கா, பாரும்" என்றான் குன்றன்.

"மீசை என் கணக்கில் வராது. கால்தான்."

குன்றன் தோல்களைப் பாறைமேல் வரிசையாக விரித்தான். "முதல் தோலை எண்ணும்."

"ஆறு."

"அடுத்தது?"

"எட்டு."

"மூணாவது?"

"அதுவும் எட்டு. அதுக்கென்ன?"

"மூணும் நான்தான். ஆறு காலோடு பிறந்தேன். எட்டுக் காலோடு நிற்கிறேன். நாளைக்கு என் பிள்ளைகளும் நிற்கும்."

செங்கொடுக்கன் சிரித்தான். "எங்கேயோ பொறுக்கின தோலைக் கொண்டுவந்து கதை விடுறியா?"

மேட்டிலிருந்து அலசாத்தாவின் குரல் வந்தது. "பொறுக்கினது இல்லை! மூணும் என் கண்ணுக்கு முன்னால உரிச்சது. நான் இந்த இடத்தை விட்டு நகர்ந்தவ இல்லை. எனக்குத் தெரியாம இங்கே என்ன நடந்துச்சு?"

கூட்டம் முணுமுணுத்தது. செங்கொடுக்கன் கொடுக்கை உயர்த்தினான்.

"சரி, வளரட்டும். எட்டுக் கால் வந்த பிறகு கூட்டிட்டு வா. இன்னைக்கு எண்ணினா ஆறு. நான் இன்னைக்கு உள்ளதைத்தான் எண்ணுவேன்."

 குன்றன் நண்டின் இடது பக்கத்தைப் பார்த்தான். அங்கே ஒரு கால் மட்டும் மெலிந்து வெளுத்து இருந்தது.

"அந்தக் கால் எப்போ முளைச்சது நண்டாரே?"

செங்கொடுக்கன் அதைச் சட்டென்று ஓட்டுக்கடியில் மடக்கினான்.

"போன மாசம் ஒரு பறவை உம்ம காலைக் கொத்திட்டுப் போச்சு, மேட்டிலிருந்து பார்த்தேன். தோல் உரிச்ச பிறகுதான் புதுசு வந்தது. அதுவரைக்கும் ஒன்பது காலோடு இதே வாசலில் நின்னீர். அந்தப் பெரிய வற்றத்துக்கு எங்கே இருந்தீர்?"



"பிளவின் அடியில்தான் இருந்தார்" என்றது உள்ளே இருந்த ஓர் இறால். "என் பக்கத்தில்தான்."

"ஒன்பது காலுக்கு எந்த இடம் என்று உம்ம பாறையில் கோடே இல்லையே" என்றான் குன்றன். "உமக்கு ஒரு கால் குறைஞ்சா முளைக்கும் என்று காத்திருக்கிறது. என் பிள்ளைக்கு ரெண்டு குறைஞ்சா வெயிலில் போடுறது. இது என்ன கணக்கு?"

முதலில் நத்தை சிரித்தது. பிறகு கூட்டமே சிரித்தது. பாறை காய்ந்துகொண்டே வந்தது. பின்னால் நின்றவர்கள், "பிள்ளைகளை விடுங்கய்யா, வெயில் ஏறுது" என்றார்கள்.

செங்கொடுக்கன் ஓரடி ஒதுங்கினான். பக்கவாட்டில் ஒதுங்குவது நண்டின் நடை. அதை மன்னிப்புக் கேட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

குன்றன் ஒன்பது பிள்ளைகளையும் பிளவின் நடுப்பகுதியில், குளிர்ந்த பாசிக்குள் இறக்கிவிட்டான். தானும் அங்கே தங்கினான். உச்சி வெயில் வந்தது, போனது. சாயங்காலம் கடல் திரும்பியபோது ஒன்பதும் அசைந்தன. குன்றன் இரண்டு முறை எண்ணிப் பார்த்தான். கால்களை எண்ணவில்லை, பிள்ளைகளை எண்ணினான்.

வெளியே வரும்போது வாசல் பாறையைப் பார்த்தான். பழைய ஆறு கோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கோடு கீறியிருந்தது. செங்கொடுக்கன் பக்கத்தில் இருந்த தன் வளையின் வாயில் இருந்தான்.

"கோடு போட்டாச்சு" என்றான் நண்டு. "இனி உன் குலத்தில் எது பிறந்தாலும் உள்ளே வரலாம்."

"பார்த்தேன். என்னோடு பிறந்த ஆறு பேருக்கு?"

"போனது போச்சு. அவங்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"செய்ய வேண்டாம். தப்பா எண்ணிட்டேன் என்று சொல்லும்."

"அலை வருது" என்று சொல்லிவிட்டுச் செங்கொடுக்கன் வளைக்குள் போய்விட்டான்.

அந்த அலையில் நத்தை உருண்டது, இறால்கள் சிதறின. குன்றன் நாலு காலை முன்னே ஊன்றி, நாலு காலைப் பின்னே ஊன்றி, அந்த வளை வாசலிலேயே நின்றான். ஒவ்வொரு வற்றத்துக்கும் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு நண்டின் வளை வாயில் வந்து நிற்கிறான். நண்டு இன்னும் சொல்லவில்லை. குன்றன் இன்னும் கேட்பதை விடவில்லை.

தப்பைத் திருத்தியவன் பாதிக் கடனைத்தான் தீர்த்திருக்கிறான், தப்புச் செய்தேன் என்று வாய் திறந்து சொல்கிறவரைக்கும் மீதி அவன் தலைமேல்தான் இருக்கும்.